பன்னிரண்டாவது டின்

“ஏய்! அதுல தண்ணி ஊத்தாதே!”

நான் கத்திய கத்தலில் இஞ்சின் ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் கைவேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஆயுத பூசை அன்று காலை. கூலி லயத்துப் பெண்கள் ரப்பர் பால்வாளிகளையும் மரம் சீவும் உளிகளையும் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ரோலருக்கு வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தவன் கயிற்றைப் பிடித்த பிடியிலேயே நின்றான். என் பெண்சாதி சீதாலெட்சுமி ஒரு கையில் தண்ணீர்ச் செம்பும் மறு கையில் மூலையில் கிடந்த பழைய டீசல் டின்னுமாக என்னை வெறித்துப் பார்த்தாள். பதினாறு வருஷக் குடித்தனத்தில் நாலு பேர் முன்னால் நான் அவளை அதட்டியது கிடையாது. வீட்டுக்குள் அதட்டல் அவள் இலாகா.

“என்ன வந்துச்சு உங்களுக்கு? நல்ல நாளும் அதுவுமா இது மட்டும் அழுக்கா கெடக்கணுமா?” என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. “போன வருசம் நீங்கதானே எல்லா டின்னையும் கழுவி, பொட்டு வெச்சு, கொலு மாதிரி அடுக்கினீங்க? அப்ப நான் வேணாம்னா சொன்னேன்?”

அவள் வெகுளியாகத்தான் சொன்னாள். ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த கிராணியார் ராதாகிருஷ்ணன் அப்படியே ஒற்றைக் காலில் நின்றுவிட்டார். தோட்டத்து ஆபீஸில் எழுத்து வேலை முழுவதும் அவர்தான். துரையின் இங்கிலீஷைத் தமிழாக்கி எங்களுக்கும், எங்கள் தமிழை இங்கிலீஷாக்கித் துரைக்கும் சொல்கிறவரும் அவரே. போன ஆயுத பூசைக்கு அவர் கிள்ளானில் மாமனார் வீட்டில் இருந்தார். அதனால் இந்த டின் கழுவிய கதை அவர் காதுக்குப் போகவில்லை. இப்போது போய்விட்டது. அவர் டின்னைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வாழைக்கன்று நேராக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அதோடு, வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஒரு நிம்மதியும் வந்தது.

நான் சபாபதி. ஜெஞ்சாரோம் பக்கத்தில் இந்த ரப்பர் தோட்டத்துப் பாக்டரியில் இஞ்சின் டிரைவர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில் ஷெட்டில் எண்ணெய் துடைக்கிற வேலையில் ஆரம்பித்து, யார் யாரிடமோ திட்டு வாங்கித் தொழில் படித்து, இங்கே வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ரப்பர் ஷீட் அழுத்தும் ரோலர்களை ஓட்டுவது என் டீசல் இஞ்சின். ஊதுவிளக்கை வைத்து அதன் தலையைச் சூடாக்கி, ஆள் உயரச் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டிவிட்டால், டொக் டொக்கென்று பிடித்துக்கொள்ளும். அந்தச் சத்தம் லயம்வரைக்கும் கேட்கும். அது கேட்டால் வேலை இருக்கிறது என்று அர்த்தம். இந்தத் தோட்டத்தில் துரைக்கு அடுத்தது நான்தான் என்று கொஞ்சம் மண்டைக்கனமும் எனக்கு உண்டு. இல்லை என்று சொன்னால் சீதாலெட்சுமி சிரிப்பாள்.

டீசலைக் கட்டிக் காப்பது லேசான காரியம் இல்லை. பீப்பாயை மண்ணில் வைக்கக் கூடாது, கட்டைமேல் வைக்க வேண்டும். விளிம்புவரை நிரப்ப வேண்டும். பாதி காலியாக விட்டால் உள்ளே காற்று வேர்த்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கும். மாதம் ஒரு முறை அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்து, வெயிலில் வைத்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். இஞ்சினுக்கு ஊற்றும்போது துணியில் வடிகட்ட வேண்டும். கடைசி நாலு விரற்கடை அடிமண்டியை ஊற்றவே கூடாது. டின் கழுவுவதென்றால் அதே டீசலை ஒரு கோப்பை ஊற்றி, குலுக்கி, கொட்டி, துணியால் துடைத்து, இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்து வைக்க வேண்டும். தண்ணீர் மட்டும் ஆகாது. இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். “எண்ணெய எண்ணெயாலயே கழுவுற அதிசயத்த உங்ககிட்டதான் பாத்தேன்” என்று சீதாலெட்சுமி கேலி செய்வாள். அவளுக்குத் தண்ணீர் படாத எதுவும் சுத்தம் இல்லை. நம் ஆட்கள் யாருக்குத்தான் சுத்தம்?

போன வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டில், ரப்பர் விலை பாதாளத்துக்குப் போனது. பாதி ரப்பர் காட்டில் மரம் வெட்டிப் பால் எடுப்பதை நிறுத்தினார்கள். வைகாசியில் பாக்டரியை மூடினார்கள். வாரம் ஒரு லோரி வந்து பதினைந்து இருபது பேரை ஏற்றிக்கொண்டு போகும். போர்ட் சுவெட்டன்ஹாம் போய்க் கப்பல் ஏறினால் கடலுக்கு அந்தப் பக்கம் சொந்த ஊர்தான். துரை என்னை மட்டும் நிறுத்தி வைத்தார். மலிவாகக் கிடைக்கிறதென்று டீசல் வாங்கி ஸ்டோரில் இறக்கியிருந்தார். “விலை ஏறும். ஆறு மாதமோ ஒரு வருஷமோ தெரியாது. நான் சொல்கிற நாளில் இஞ்சின் ஓட வேண்டும். எண்ணெய் உன் பொறுப்பு” என்று கிராணியாரை விட்டுச் சொல்லவைத்தார். ஸ்டோருக்கு ஜாகாவாக, அதாவது காவலுக்கு, அய்யாவுவைப் போட்டார்கள். சாவி அவன் இடுப்பில் தொங்கும்.

அய்யாவு என்னைவிடப் பத்து வயது இளையவன். பேச்சுக் குறைவு. அவனும் நல்லம்மாளும் எங்கள் லயத்திலேயே நாலாவது வீடு. அவர்களுக்கு ஒரே ஒரு பெண் குழந்தை இருந்தது, புஷ்பவல்லி என்று பெயர். நாலு வயதில் மலேரியாக் காய்ச்சலில் போய்விட்டது. பதினாலாம் நம்பர் காட்டின் ஓரத்தில் லாலாங் புல் மேட்டில் புதைத்தார்கள். அந்தப் பக்கம் காட்டுப்பன்றி அதிகம். புது மண்ணைக் கண்டால் மூக்கால் கிளறிவிடும். அதனால் அய்யாவு அந்தச் சின்ன மேட்டைச் சுற்றி மரக்கட்டைகளை நட்டு ஒரு வேலி கட்டினான். மூன்று மாதத்தில் கறையான் பிடித்தது. வந்து என் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். நான் பீப்பாயின் அடிமண்டியை ஒரு புட்டியில் பிடித்துக் கொடுத்தேன். எப்படியும் கொட்டுகிற சரக்கு, கட்டையில் பூசினால் கறையான் நெருங்காது. அதன்பிறகு அது வழக்கமாகிவிட்டது. தோட்டத்து எண்ணெயில் ஒரு சொட்டு வெளியே போகக் கூடாது என்பது துரையின் சட்டம். ஆனாலும் கொடுத்தேன். என் வாழ்நாளில் செய்த நல்ல காரியம் என்று அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் பின்னால் என்ன ஆயிற்று என்று பாருங்கள்.

ஆயுத பூசை வந்தது. இஞ்சின் ஓடி நாலு மாதம் ஆகியிருந்தது. லயத்தில் ஆள் பாதியாகக் குறைந்துபோயிருந்தது. இந்த முறை பூசை பலமாக இருக்க வேண்டும், அம்பாள் கண் திறந்தால்தான் பாக்டரி திறக்கும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அந்த வெறி பிடித்துக்கொண்டது. இஞ்சினைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கினேன். காலி டின்கள் பன்னிரண்டு இருந்தன. கறுத்து, பிசுக்குப் பிடித்து, பார்க்கவே சகிக்கவில்லை. “சாமி முன்னாடி இப்படியா வெப்பீங்க?” என்று சீதாலெட்சுமி கேட்டாள். அவள் கேட்டாள், அவ்வளவுதான். சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தவன் நான். கிணற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் தூக்கி வந்து ஊற்றியவன் அய்யாவு. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. தெரிந்துதான் செய்தேன். பூசை முடிந்து ஒரு வாரம் வெயிலில் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பன்னிரண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, இஞ்சின் முன்னால் படிப்படியாக அடுக்கினேன். எல்லோரும் ஆகா என்றார்கள். நானும் தள்ளி நின்று பார்த்து ரசித்தேன்.

மறுநாள் விஜயதசமி. காலையில் அய்யாவு ஓடி வந்தான். ஒரு பீப்பாயின் மூட்டு விட்டு எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது. வேறு பாத்திரம் கிடையாது. வெளியே மழை பிடித்துக்கொண்டு விடவில்லை. டின்களைக் கவிழ்த்துப் பார்த்தேன். டின்னின் வாய் சின்னது. எப்படிக் கவிழ்த்தாலும் மேல் மடிப்பு ஓரத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும். காதருகே வைத்து ஆட்டினால் சளக் சளக் என்றது. அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. துடைக்கக் கை நுழையாது, காய வைக்க வெயில் இல்லை, எண்ணெய் தரையில் போய்க்கொண்டிருக்கிறது. கொஞ்சம் தண்ணீர்தானே, அப்புறம் வடிகட்டிக்கொள்ளலாம் என்று ஊற்றிவிட்டேன். பதினொரு டின் நிரம்பியது. பன்னிரண்டாவது மிஞ்சிவிட்டது. அதை ஷெட்டின் மூலையில் போட்டேன். நிரம்பியதை ஸ்டோரில் வைத்துச் சாக்குப் போட்டு மூடினேன். வடிகட்டவில்லை. நாளை, நாளை என்று நான்கு மாதம் போய்விட்டது. பீப்பாய்களை மட்டும் மாதாமாதம் புட்டியில் பிடித்துப் பார்ப்பேன். டின்கள் இருந்த மூலைப் பக்கம் என் கால் போகவில்லை. பார்த்தால்தானே தெரியும்.

பிப்ரவரியில் ஒரு நாள் எந்த அறிவிப்பும் இல்லாமல் துரை கோலாலம்பூரிலிருந்து ஒரு பெரிய துரையைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். பாக்டரியைத் திறப்பதா, அப்படியே விற்றுவிடுவதா என்று முடிவு செய்கிறவர் அவர். “ஓட்டு” என்றார்கள். நான் ஊதுவிளக்கைப் பற்றவைத்தேன். இஞ்சின் டாங்கி காலி. கைக்கு எட்டியது டின்கள்தான். பெரிய துரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். துணியைத் தேடி வடிகட்டிக்கொண்டிருக்கத் தைரியம் இல்லாமல் இரண்டு டின்னை அப்படியே கவிழ்த்தேன். சக்கரத்தை ஆட்டினேன். டொக், டொக், டொக் என்று பிடித்தது. லயத்தில் யாரோ குலவை போட்டார்கள். அடுத்து ஒரு இருமல், வெள்ளைப் புகை, நின்றுபோய்விட்டது. எத்தனை ஆட்டியும் எழுந்திருக்கவில்லை. துரை டாங்கிக் குழாயைத் திறந்து ஒரு புட்டியில் பிடிக்கச் சொன்னார். மூன்று விரற்கடை தண்ணீர், பச்சைத் தண்ணீர், அடியில் நின்றது.

“சாப்பிட்டுவிட்டு வந்து விசாரிக்கிறேன்” என்று சொல்லித் துரைமார்கள் பங்களாவுக்குப் போனார்கள். ஷெட்டிலும் ஸ்டோரிலும் நான் மட்டும் இருந்தேன். அப்போதாவது ஓடிப்போய்க் கிராணியாரின் காலில் விழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். லோரி கண் முன்னால் வந்து நின்றது. டின்களின் மேல் சாக்கை எடுத்தேன். ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனக் கீற்றும் குங்குமமும் காய்ந்துபோய் அப்படியே இருந்தன. பூசைக்குக் கழுவிய டின் என்று அதைப் பார்க்கிறவர்கள் யாருக்கும் தெரிந்துவிடும். ஒரு துணியை எண்ணெயில் நனைத்துப் பதினொரு பொட்டையும் அழித்தேன். சாமிக்கு வைத்த பொட்டு. அன்றைக்கு நான் செய்ததில் தயங்கிச் செய்தது அது ஒன்றுதான்.

விசாரணைக்கு எல்லா டின்னையும் திறந்தார்கள். எல்லாவற்றிலும் அடியில் தண்ணீர். யாரோ எண்ணெயைத் திருடிவிட்டு அளவு குறையாமலிருக்கத் தண்ணீர் ஊற்றியிருக்கிறான் என்று துரை முடிவு கட்டிவிட்டார். அய்யாவு வீட்டைச் சோதனை போட்டார்கள். பரண்மேல் ஒரு புட்டி டீசல் கிடைத்தது, நான் கொடுத்த அடிமண்டி. அதை மேசைமேல் வைத்தார்கள். கிராணியார் கேட்டார்.

“ஸ்டோர் சாவி யார்கிட்டய்யா இருந்துச்சு?”

“அய்யாவுகிட்டதாங்க” என்றேன்.

அது பொய் இல்லை. அதற்கு மேல் ஒரு வார்த்தை நான் பேசவில்லை. அய்யாவு புட்டியைப் பார்த்தான். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். என்ன சொல்லட்டும் என்று என்னிடமே கேட்கிறவன் மாதிரி பார்த்தான். நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்தேன்.

“இது எங்கேர்ந்துடா வந்துச்சு?” என்றார் கிராணியார்.

“கீழ வழிஞ்சு கெடந்ததுங்க. நான்தான் புடிச்சுக்கிட்டேன்” என்றான் அய்யாவு.

அதோடு அவன் சீட்டுக் கிழிந்தது. மறுநாள் நான் நல்ல பீப்பாயிலிருந்து வடிகட்டி ஊற்றினேன், இஞ்சின் ஓடியது, பெரிய துரை என் தோளில் தட்டிவிட்டுப் போனார். வீட்டில் சீதாலெட்சுமி சோறு போட்டுக்கொண்டே, “அந்த அய்யாவு இப்படிப் பண்ணுவான்னு நெனைக்கவே இல்லீங்க” என்றாள். நான் ரசம் ஊற்றச் சொன்னேன்.

லோரி வந்த அன்று காலையில் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். கால் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அய்யாவு ஒரு மூட்டையோடு லோரியின் பின்னால் நின்றான். என்னைக் கண்டதும் கிட்டே வந்தான்.

“அண்ணே, பூசைக்கு டின்னு கழுவ நான்தானே தண்ணி தூக்கியாந்தேன்” என்றான்.

“அதுக்கு இப்ப என்ன?” என்றேன்.

“ஒண்ணுமில்லண்ணே. நெனப்பு வந்துச்சு.”

அவ்வளவுதான் சொன்னான். அவனுக்குத் தெரியுமா? தெரிந்துதான் எனக்காக வாயை மூடிக்கொண்டானா? அல்லது தான் தண்ணீர் தூக்கி வந்ததால்தான் கெட்டது என்று பாவத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டானா? இந்த ஏழு மாதமாக அந்த ஒரு பேச்சைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், விடை கிடைக்கவில்லை. நல்லம்மாள் அழவில்லை. லோரியில் ஏறி உட்கார்ந்த பிறகு கீழே குனிந்து என் கையைப் பிடித்தாள்.

“அண்ணே, புள்ள வேலிக்கு மட்டும் அந்த எண்ணெயக் கொஞ்சம் பூசி விட்டுடுங்க. வருசத்துக்கு ரெண்டு தடவ போதும். பன்னி வந்துடும்ண்ணே. வேற யார்கிட்டயும் எனக்குக் கேக்கத் தெரியல.”

சரி என்று தலையை ஆட்டினேன். ஏழு மாதத்தில் ஒரு தடவைகூடப் போகவில்லை. பதினாலாம் நம்பர் காட்டுக்குப் போகும் பாதையைக் கண்டாலே வேறு வேலை ஞாபகம் வந்துவிடும். அடிமண்டி புட்டியில் நிறைந்துகொண்டே இருந்தது.

பூசை முடிந்து பொரிகடலை கொடுத்துக்கொண்டிருந்தபோது கிராணியார் என்னை ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூண்டுக்குப் பின்னால் கூப்பிட்டார். கையில் அந்த டின். கைப்பிடிக்குக் கீழே காய்ந்து கிடந்ததை நகத்தால் சுரண்டினார். அவர் நகத்தில் சிவப்பு ஒட்டியது.

“இது எத்தனாவது டின்னு?”

“பன்னெண்டாவதுங்க.”

“மத்த பதினொண்ணுல பொட்டு இல்லையே?”

நான் சொல்லிவிட்டேன். தண்ணீர், மழை, ஒழுகின பீப்பாய், எண்ணெய்த் துணி, அடிமண்டிப் புட்டி, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டு சொல்ல ஆரம்பித்து எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. நான் முடித்ததும் அவர் டின்னைக் கீழே வைத்தார்.

“அன்னிக்கு நான் உன் வாயையே பாத்துக்கிட்டு நின்னேன்யா, சபாபதி. துரை இங்கிலீசுல கேட்டாரு, நான் தமிழ்ல கேட்டேன். அய்யாவு திருடற ஆளு இல்லன்னு எனக்கும் தெரியும். நீ ஒரு வார்த்த சொன்னா அதப் புடிச்சுக்கிட்டு நாலு வார்த்தையா சொல்லலாம்னு நின்னேன். சாவி அவன்கிட்ட இருந்துச்சுன்னு மட்டும் சொன்னே. நானும் அத மட்டும் சொன்னேன்.”

“நான் பொய் சொல்லலீங்களே” என்றேன். சொன்ன அந்த நிமிஷமே என் மூஞ்சியில் நானே துப்ப வேண்டும்போல் இருந்தது.

“பொய் சொல்லியிருந்தா நான் கண்டுபிடிச்சிருப்பேன்” என்றார்.

ஷெட்டுக்குள்ளே பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சீதாலெட்சுமியின் குரலும் கேட்டது. அவளுக்குச் சமாதானம் ஆகிவிட்டது போலிருக்கிறது.

“துரைகிட்ட நான் போய்ச் சொல்லிடறேங்க.”

“சொல்லு. வேணாம்னா சொன்னேன்? நாளைக்குக் காலையில பேர் கூப்புடுற பிரட்டு முடிஞ்சதும் ஆபீசுலதான் இருப்பாரு. நீ சொல்றத நான் அப்படியே சொல்றேன்.” டின்னைக் காலால் ஓரமாகத் தள்ளினார். “சொன்னா உனக்கு லோரி வரும். அவன கூட்டிக்கிட்டு வர எந்த லோரியும் வராது. அதையும் யோசிச்சுக்க. யோசிச்சுட்டு சொல்லாம இருந்துடாதே. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலய்யா.”

சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, ஒரு தாளைக் கிழித்து, பென்சிலால் ஏதோ எழுதிக் கொடுத்தார். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். அய்யாவுவின் பெயர், அவன் தகப்பன் பெயர், ஒரு ஊர், ஒரு தபாலாபீஸ்.

“கப்பல் சீட்டுல நான்தான் எழுதினேன். மனப்பாடம் ஆயிடுச்சு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. அடிமண்டிப் புட்டியையும் ஒரு கந்தைத் துணியையும் பாராங் கத்தியையும் எடுத்துக்கொண்டு பதினாலாம் நம்பர் காட்டுக்கு நடந்தேன். பகல் இரண்டு மணி இருக்கும், நல்ல வெயில். லாலாங் மார்பளவு வளர்ந்து கிடந்தது. வெட்டிக்கொண்டே போனேன். மனசுக்குள் ஒரே வேண்டுதல். பன்றி தோண்டியிருக்கக் கூடாது. அம்பாளிடம் வேறு எதையும் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. இதைக் கேட்டேன்.

ஒரு பக்கத்து வேலி முழுக்க விழுந்து கிடந்தது. கட்டையைத் தொட்டேன், கையில் மாவாக உதிர்ந்தது. உள்ளே கறையான் நெளிந்தது. ஈர மண்ணில் பன்றிக் குளம்புத் தடங்கள் மேட்டின் விளிம்புவரை வந்திருந்தன. விளிம்பில் ஒரு சாண் அகலத்துக்கு மண்ணைப் பன்றி கிளறியிருந்தது. அதற்கு மேல் போகவில்லை. எதற்காகத் திரும்பிப் போனதோ, எனக்குத் தெரியாது. மேடு எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று அப்போதுதான் பார்த்தேன். என் சின்னப் பெண் படுத்தால் கால் வெளியே நீளும். அங்கேயே குந்தி உட்கார்ந்து, வாய்விட்டு அழுதேன். கேட்க அங்கே யாரும் இல்லை, அதனால்தான் அழ முடிந்தது என்பதும் எனக்குத் தெரிந்தது.

பிறகு எழுந்து மண்ணைக் கையால் அள்ளிச் சரிசெய்தேன். ஆறு கட்டை வெட்டி நட்டேன். புட்டியின் வாயில் அடைத்திருந்த பழைய காகிதச் சுருள் எண்ணெயில் ஊறிப் பிய்ந்து வந்துவிட்டது. கந்தையை நனைத்து ஒவ்வொரு கட்டையாக, அடியிலிருந்து மேலே, இண்டு இடுக்கு விடாமல் பூசினேன். பூசப் பூசக் கட்டை கறுத்தது. கறையான் வரிசை ஒன்று எண்ணெய் வாடை பட்டதும் நின்று, வந்த வழியே திரும்பியது. பாதிப் புட்டி மிச்சம் இருந்தது. மிச்சத்தை நாளைக்கு இரண்டாவது பூச்சுக்கு எடுத்து வைக்க வேண்டும். நாளைக்கு நான் இங்கே வருவேனா, ஆபீஸ் வாசலில் நிற்பேனா, லோரிக்கு மூட்டை கட்டுவேனா, ஒன்றும் தெரியவில்லை.

புட்டியை மூட ஏதாவது வேண்டுமே என்று சட்டைப்பையைத் துழாவினேன். கிராணியார் கொடுத்த தாள் கையில் வந்தது. பழக்கதோஷம், விரல்கள் அதைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டன. பாதி சுருட்டியபோது அய்யாவுவின் பெயர் தெரிந்தது. நிறுத்திவிட்டேன். ஒரு கையில் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு, மறு கைக் கட்டைவிரலால் புட்டியின் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றேன். நடந்த நடையில் புட்டிக்குள் எல்லாம் ஒன்றாகக் கலங்கிப் போயிருந்தது. நிற்க நிற்க, வெயிலில், எண்ணெய்க்குள்ளிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் பிரிந்து கீழே இறங்கியது. கடைசியில் அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குத் தெளிந்து நின்றது. அதன் வழியாகப் பார்த்தால் அந்தப் பக்கத்தில் புதுக் கட்டைகள் ஆறும் தெரிந்தன.